பூஜை நாளில் பைன்பாபுவின் டெண்டர்

நரோத்தம் பைனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கொட்டாவி வருகிறது, பிறகு எரிச்சல் வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன். பெண்டிங்க் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் அவருடைய கடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து பல வருஷமாகக் கார்ட்ரிட்ஜில் மை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கோதண்டம் என்ற என் பெயரை இந்த ஊர்க்காரர்கள் கோதாதா, அதாவது கோதா அண்ணன், என்று சுருக்கி வெகுகாலமாயிற்று. என் மகளே என் முழுப்பெயரை யோசித்துத்தான் சொல்கிறாள். அத்தனை காலமும் நிமிர்ந்தால் என் கண்ணில் படுவது பைன்பாபுவின் முகம்தான். வேறு நல்ல முகமாக அமைந்திருக்கலாம்.

அவருடைய வியாபாரம் ஆபீஸ் சாமான் மொத்த விற்பனை. ஜெராக்ஸ் மெஷின், நோட்டு எண்ணும் மெஷின், வேண்டாத காகிதத்தை நார்நாராகக் கிழிக்கும் மெஷின், விரலை வைத்தால் வருகை பதிவாகும் மெஷின் எல்லாம் அங்கே உண்டு. மால்டாவிலிருந்தும் கிருஷ்ணநகரிலிருந்தும் சில்லறைக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். கடை அவர் கட்டியதல்ல. மாமனார் நந்திபாபு டைப்ரைட்டரும் நகலெடுக்கும் ரோனியோ மெஷினும் விற்றுக் கட்டியது. பைன் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்தவர். கிழவர் காலமாகி வீட்டில் தீட்டுக்கூடக் கழியவில்லை, பெயிண்டர் ஏணியோடு வந்துவிட்டான். 'நந்தி அண்ட் கம்பெனி' அன்றைக்கு 'பைன் அண்ட் நந்தி' ஆனது. சில வருஷம் கழித்து அதன் கீழே 'டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்' என்று நீல எழுத்து ஒளிர ஆரம்பித்தது.

அந்த டிஜிட்டல் மனிதர் எந்த மெஷினையும் இயக்கி நான் பார்த்ததில்லை. மெயில் வந்தால் அதை அச்செடுத்து மேஜையில் வைக்க வேண்டும். பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் பதில் எழுதுவார். அதைத் திரும்பக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். வாட்ஸப்பில் யாரோ ஒரு டீலர் கும்பிடும் கையை அனுப்பினால் அதற்கும் ஒரு அச்சு எடுக்க வேண்டும். கைரேகை மெஷின் புதிதாக வந்தபோது விளம்பரத்துக்காகத் தன் வாசலிலேயே ஒன்றை மாட்டினார். ஆனால் அது அவருடைய விரலை ஏற்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், சுண்டு விரல் என்று மாற்றி மாற்றி வைத்தார். அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் 'அடையாளம் தெரியவில்லை' என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தது. சந்து முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த மெஷின் வேலைக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

இதையெல்லாம் செய்து கடையை ஓட்டியது சுதபா. பெலேகாட்டாவிலிருந்து வரும் பெண், முப்பது வயது இருக்கும். டெண்டர் போடுவது, ஜிஎஸ்டி கட்டுவது, கம்பெனிக்கு ஆர்டர் போடுவது எல்லாம் அவள்தான். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் சுதபா லீவு போட்டால் அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ஈ விரட்டுவார்கள். பைன்பாபு அவளை 'டைப் அடிக்கிற பொண்ணு' என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வார்.

வியாபாரம் படுத்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். சில்லறைக் கடைக்காரர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். பர்த்வான்காரர் ஒருவர் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பைன்பாபு, நீங்க சொல்ற ஹோல்சேல் ரேட்டை விட இதுல கம்மியா இருக்கே. வீட்டுக்கே கொண்டாந்து தரானாம்."

"அப்ப அந்தப் போன்கிட்டயே வாங்கிக்க."

"ரிப்பேர்னு வந்தா..."

"அதையும் போன்கிட்டயே குடு. மடியில வெச்சுத் தாலாட்டி ரிப்பேர் பண்ணித் தரும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பெரிய ஜோக் அடித்துவிட்டாராம். பர்த்வான்காரர் டீயைக் குடித்து முடித்துக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை.

ஜூலையில் கைரேகை மெஷின் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தார். மரியாதையான ஆள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். விஷயத்தையும் மரியாதையாகவே சொன்னார். கம்பெனி இனி நேராக இன்டர்நெட்டில் விற்கப் போகிறது, நடுவில் மொத்த வியாபாரி தேவையில்லை என்று மேலே முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு பெரிய அரசாங்க ஆபீஸ் தன் கிளைகள் அத்தனைக்கும் இந்த மெஷின் வாங்கப் போகிறது. அந்த டெண்டரைப் பைன் கொண்டு வந்தால் கிழக்கு ஜில்லாக்களின் ஏஜென்சி அவரிடமே இருக்கும். கொண்டு வராவிட்டால் பண்டிகைக் காலத்துக்குப் பிறகு கணக்கை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஏஜென்சி போனால் கடையில் மிஞ்சுவது விற்காத லாமினேஷன் மெஷின்களும் மாமனாரின் போட்டோவும்தான். அது பைனுக்கும் தெரியும், சுதபாவுக்கும் தெரியும், ஸ்டூலில் இருந்த மூவருக்கும் தெரியும்.

டெண்டர் போடுவதற்கான காகிதமெல்லாம் ஆகஸ்டிலேயே சுதபா தயார் செய்துவிட்டாள். விலை மட்டும்தான் பாக்கி. அதைப் பைன் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. விலையை முன்கூட்டிச் சொன்னால் வெளியே கசிந்துவிடுமாம். கடைசி நாளில்தான் சொல்வாராம். அந்தக் காலத்தில் மூடிய கவரில் விலை எழுதி ஓடிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்ட புத்தி அது. கடைசி நாள் செப்டம்பர் பதினேழு, பிற்பகல் மூன்று மணி. டெண்டரை வெளியிட்ட ஆபீஸ் டெல்லியில் இருக்கிறது. அங்கே அது ஒரு சாதாரண வேலை நாள். இந்த ஊரில் விஸ்வகர்மா பூஜை.

அன்றைக்கு இங்கே ஒரு மெஷினும் ஓடாது. கட்டிங் பிளேயரிலிருந்து லாரி வரைக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஓய்வு கொடுத்துவிடுவார்கள். பொம்மையை மறுநாள் ஆற்றில் கரைத்த பிறகுதான் திரும்பத் தொடுவார்கள். நானும் என் ஊசியையும் மைக்குப்பியையும் கழுவிச் சாமி முன்னால் வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது பிடிக்கும். ஆனால் பைனுக்கு இது பக்தி விஷயமே இல்லை. சந்துப் பூஜைக் கமிட்டிக்கு அவர் தலைவர். அதிலும் முந்தின வருஷம் மூலைக் கடை ஷிபேன் சாஹா பூஜையன்று யாரோ பரீட்சைக்குப் போகும் பெண்ணுக்கு அவசரமாக ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பைன் கூட்டம் கூட்டி, சந்துக்கே கேடு என்று குதித்து, அந்த மனிதரைப் பொம்மை முன்னால் மூக்கைத் தரையில் தேய்த்து மன்னிப்புக் கேட்க வைத்தார். சாஹாவுக்கு அப்போது அறுபது வயது. யாரும் தடுக்கவில்லை.

பதினாறாம் தேதி சாயங்காலம் பொம்மை வந்து இறங்கியது. யானை மேல் உட்கார்ந்த விஸ்வகர்மா, ஆளுயரம். சுதபா அப்போது விலை கேட்டாள். பைன் அவள் காதோரம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"இப்பவே இன்டர்நெட்டுல ஏத்திடட்டுமா?"

"அவசரக்குடுக்கையா இருக்காத. நாளைக்குப் பூஜை முடிஞ்ச கையோட ஏத்து. நல்ல நேரம்."

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டார். டிஜிட்டல் கையெழுத்துப் போடும் சின்னப் பென்டிரைவையும் தன் போனையும் சிவப்புத் துணியில் சுற்றிப் பொம்மையின் காலடியில் வைத்தார். நாலு பேர் பார்க்கும்படியாகத்தான் வைத்தார். "நம்ம கடையில எல்லாமே டிஜிட்டல் பாரு, பூஜையும் அப்படித்தான்" என்று சாஹாவைப் பார்த்துச் சொன்னார். பூஜை முடிந்த பிறகு எதையும் தொடக்கூடாது என்ற ஊரறிந்த சங்கதி அந்த மண்டையில் அப்போது உதிக்கவே இல்லை.

மறுநாள் புரோகிதர் தாமதமாக வந்தார். அன்றைக்குப் புரோகிதர்கள் வொர்க்‌ஷாப் வொர்க்‌ஷாப்பாகச் சைக்கிளில் ஓடுவார்கள். மணியடித்து முடியும்போது மதியமாகிவிட்டது. சுதபா சிவப்புத் துணிப்பக்கம் கையை நீட்டினாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் புரோகிதர். "பிராணப் பிரதிஷ்டை ஆயிடுச்சு. நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது."

சுதபா பைனைத் திரும்பிப் பார்த்தாள். சாஹாவும் பார்த்தார். சந்தே பார்த்தது. அந்த ஒரு நிமிஷம் பைனுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது என்று நான் அடித்துச் சொல்வேன். முகம் அரிசி மாவு மாதிரி வெளுத்தது. 'புரோகிதரே, பிழைப்பு, ஒரு பரிகாரம் சொல்லுங்க' என்று கேட்டிருந்தால் அவரும் தலையை ஆட்டியிருப்பார். பைன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கையை எடு. விஸ்வகர்மா பாபாவோட நாள். டெண்டர் ஆயிரம் வரும்."

"பைன்பாபு, மூணு மணியோட மூடிடும்."

"மூடட்டும். நான் என்ன பெரியவனா, விஸ்வகர்மா பெரியவரா?"

எல்லோரும் ஆகா என்றார்கள். அவர் ஆட்டுக்கறியும் லூச்சிப் பூரியும் சாப்பிட்டுவிட்டுப் பட்டம் விட மொட்டை மாடிக்குப் போனார். மாடியிலிருந்து 'போகாட்டா' என்று கத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாருடைய பட்டத்தையோ அறுத்துவிட்டாராம்.

கீழே கடையில் சுதபா தனியாக இருந்தாள். அவள் கொஞ்ச நேரம் பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பிறகு குனிந்து கும்பிட்டாள். சிவப்புத் துணியை அவிழ்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் அப்பியிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். அப்போது இரண்டேகால் இருக்கும். பைனின் போனில் வந்த ஓடிபி எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். எழுந்தபோது மாலையைப் பழையபடி நேராக்கினாள், துணியைச் சுற்றிக் காலடியில் வைத்தாள்.

அவள் அதை மறைத்திருக்கலாம். நானாக இருந்தால் மறைத்திருப்பேன். சாயங்காலம் பைன் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் அவளாகவே போய்ச் சொன்னாள்.

"போட்டுட்டேன் பைன்பாபு. சாமிகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் போட்டேன். கோவிச்சுக்காதீங்க."

பைன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்பட்டமாக வந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஷிபேன் சாஹா எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன தலைவரே, போன வருஷம் நான் மூக்கைத் தேய்ச்சேன். இந்த வருஷம் யாரு தேய்க்கப் போறது?"

சிரிப்பு எழுந்தது. நிம்மதி இருந்த முகத்தில் தலைவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"சுதபா, பாபா காலடியில மூக்கைத் தேய்ச்சு மன்னிப்புக் கேளு."

"நான் தப்பு பண்ணலயே."

"என் கடையில நின்னுக்கிட்டு எனக்கே பதில் பேசறியா?"

"கடை நிக்கணும்னுதான் போட்டேன்."

"அப்ப நாளையிலேருந்து வேண்டாம். டைப் அடிக்க ஆளா இல்ல இந்த ஊர்ல?"

அவள் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். பொம்மையைத் திரும்ப ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனாள். சாஹா எலும்பை இலையில் வைத்துவிட்டார். அவர் குத்தியது பைனை, காயம் பட்டது அந்தப் பெண்ணுக்கு.

பத்து நாளில் முடிவு வந்தது. பைன் அண்ட் நந்திதான் குறைந்த விலை, ஆர்டர் அவர்களுக்கே. ஏரியா மேனேஜர் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னார். கூடவே ஒரு விஷயமும் சொன்னார். ஆர்டரை ஏற்றுக்கொள்கிறோம் என்று அதே இன்டர்நெட் பக்கத்தில் போய் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த விலைக்காரருக்குப் போய்விடும். அடுத்த விலைக்காரர் டெல்லி ஆள்.

உள்ளே நுழையும் பாஸ்வேர்ட் பைனுக்குத் தெரியாது. மறந்துபோனது என்று சொன்னால் மெயிலில் புதிது வரும், அந்த மெயிலின் பாஸ்வேர்டும் தெரியாது. பேங்கில் வேலை செய்யும் மைத்துனரை வரவழைத்தார். அவர் இரண்டு முறை முயன்று, இன்னொரு முறை தப்பாகப் போட்டால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் பதிவுசெய்த குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. பைன் அந்தக் குரலை 'ஏய், மனுஷனைக் கூப்பிடுடா' என்று திட்டினார். சந்தில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஸ்டூலில் இருந்த மூவரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

நான்தான் சுதபாவுக்குப் போன் செய்தேன். பைனுக்காக இல்லை, அந்த மூவருக்காக.

"தரேன் கோதாதா. எனக்குப் பணம் வேண்டாம், வேலையும் வேண்டாம், வேற இடம் பார்த்துட்டேன். அவரே வந்து, சுதபா இதைச் சொல்லுன்னு ஒரு வார்த்தை கேட்கட்டும். மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம்."

"போன்ல கேட்டா?"

"வீட்டுக்கு வரட்டும். நான் அத்தனை வருஷம் அவர் வாசலுக்குப் போனேன்."

இதைப் பைனிடம் சொன்னேன். புதன்கிழமை முடியாது என்றார். வியாழக்கிழமை அவளையே இங்கே வரச்சொல் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சலவை வேட்டியும் சில்க் ஜிப்பாவும் போட்டுக்கொண்டு, பெரிய பெட்டி நிறைய சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு, "வா கோதா, போய்ட்டு வந்துடலாம்" என்று என் கடை முன்னால் வந்து நின்றார். எனக்கே ஒரு கணம் அவர்மேல் மரியாதை வந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே வந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பெலேகாட்டாவில் மாடிப்படி குறுகலாக, ஈரமாக இருந்தது. ஜிப்பா சுவரில் உரசாமல் பக்கவாட்டில் ஏறினார். சுதபா கதவைத் திறந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள். உள்ளே மேஜையில் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. அவள் தயாராகவே இருந்தாள்.

"வாங்க பைன்பாபு. உள்ள வாங்க."

பைன் வாசலைத் தாண்டவில்லை. சந்தேஷ் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"கடைச் சாவி ஒண்ணு உன்கிட்ட இருக்கே" என்றார். "அதை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சுதபா அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"வேற ஏதாவது கேட்கணுமா?"

நிதானமாகத்தான் கேட்டாள். கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்பதற்கு வேண்டிய நேரத்தை முழுசாகக் கொடுத்தாள்.

"இல்ல. மழை வரும் போல இருக்கு."

"சுதபா, இவர் வந்தது என்னன்னா..." என்று நான் ஆரம்பித்தேன். பைன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா கோதா, பஸ் போயிடும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெட்கத்தில் இருக்கிறார், தானாகவே இறங்கித் திரும்பி ஓடுவார் என்று நான் பைத்தியக்காரன் மாதிரி அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சந்தேஷ் பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்றேன். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுச் சாவியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பார்த்தியா, வாயைத் திறக்காம எடுத்துக் குடுத்துட்டா. எம்மேல பயம் இன்னும் இருக்கு அவளுக்கு."

சியால்தா மேம்பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.